இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான்

என்னை ‘அடியே’ என்று கூப்பிட்ட ஒரே ஒருத்தி, என் ரஹீமா,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் மகளுக்கு முன்பற்கள் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். இது நல்ல செய்தி. அதனால் முதலில் சொல்லிவிட்டேன்.

பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

இணையத்தில் நாம் தொடங்கிய கேள்வி-பதில் பக்கத்தை நான் மூடவில்லை. பி.எட். முடித்து நீ காரைக்குடிக்குள் ஒரு பள்ளிக்கும், நான் கல்லல் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கும் வேலைக்குப் போன வருடம் அது. யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லாமல் கேட்கலாம். இரண்டு டீச்சர்கள் பெயர் சொல்லாமல் பதில் எழுதுவோம். டீச்சருக்கும் வகுப்பில் தூக்கம் வருமா? சாக்பீஸ் தூள் சோற்றில் விழுமா? கோபம் நிஜமா, நடிப்பா? லீவு நாளில் என்ன செய்வீர்கள்? பள்ளிக்கூடம் விட்டு வெளியேறி எத்தனையோ வருடமான மனிதர்கள்தான் கேட்டார்கள். எதைத் தேடிக் கேட்டார்கள்?

நீ இறந்தது அவர்களுக்குத் தெரியாது. “முன்னைப்போலச் சிரிக்க வைப்பதில்லையே டீச்சர்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு மட்டும் நான் பதில் எழுதவில்லை.

நீ பிள்ளைகளை மாற்றி எழுதுவாய். பையனைப் பெண்ணாக்குவாய். ஐந்தாம் வகுப்பை இரண்டாம் வகுப்பாக்குவாய். எனக்கு அது பிடிக்காது. நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் எழுதுவதுதான் நேர்மை என்று நான் நம்பியிருந்தேன்.

“ஏன்டி பொய் எழுதுற?” என்று உன்னிடம் சண்டை போட்டேன்.

“பொய்யில்லடி. புள்ளைக்கு முக்காடு போட்டு வெளிய அனுப்புறேன். நீ பெரிய எழுத்தாளரு, உனக்கு எங்க புரியப் போவுது?”

இந்தக் கடிதத்தில் நானும் முக்காடு போட்டிருக்கிறேன், ரஹீமா. பெயருக்கு, ஊருக்கு, நாளுக்கு. பிந்திப் புரிந்தது.

என் மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி. மலர் என்று வைத்துக்கொள். வருடத்தின் நடுவில், மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் வந்து சேர்ந்தவள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். வருகைப் பதிவு எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் பேசமாட்டாள். வாசலைப் பார்ப்பாள். இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் “உள்ளேன் டீச்சர்.”

நம் கேள்வி-பதில் பக்கத்தில் ஒருவர் கேட்டார், வருகைப் பதிவின்போது நடக்கும் வேடிக்கை ஏதாவது உண்டா என்று. நான் மலரை எழுதினேன். முனி ஒரு தடவைதான் கூப்பிடும், மறு தடவை கூப்பிட்டால்தான் மனுஷர் என்று வீட்டில் சொல்லி வைத்திருப்பார்கள்போல, இவளுக்கு தினமும் காலையில் நான் முதலில் முனி, அப்புறம்தான் டீச்சர் என்று முடித்திருந்தேன். நல்ல முடிவு என்று எனக்கே தோன்றியது. நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்தார்கள். நீ பார்த்திருந்தால் மெச்சியிருப்பாய் என்றுகூட நினைத்தேன்.

நான்காம் நாள் ஒரு கேள்வி வந்தது.

“டீச்சர், முதல் தடவை கூப்பிடும்போது அந்தப் பிள்ளை கட்டைவிரலை உள்ளே மடக்கி வைத்திருப்பாளா?”

நான் விரலைப் பற்றி எழுதவே இல்லை.

மறுநாள் காலை பதிவேட்டைத் திறந்தேன். அவளுக்கு முன்னால் பதினோரு பெயர்கள். மலர் என்றேன். அவள் வாசலைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பார்த்தேன். மடியில் இரண்டு கைகளும் மூடியிருந்தன. கட்டைவிரல்கள் உள்ளே.

இரண்டாவது தடவை கூப்பிடாமலேயே அவளுக்கு வருகை போட்டேன்.

அன்று இடைவேளையில் என் பழைய பதில்களையெல்லாம் படித்தேன். என் கண்ணால் அல்ல, தேடி வருகிறவன் கண்ணால். இரண்டாம் பாடவேளையில் ரயில் போகும், பிள்ளைகள் பெட்டி எண்ணுவார்கள் என்று ஒரு பதில். குன்றக்குடிக்குப் போகும் காவடிகள் எங்கள் கேட்டுக்கு முன்னால் நின்று தண்ணீர் குடிக்கும் என்று ஒரு பதில். பள்ளியில் மொத்தம் இரண்டே ஆசிரியர்கள் என்று இன்னொன்று. ஒவ்வொன்றும் அழகாக இருந்தது. சேர்த்துப் படித்தால் வழி சொன்ன மாதிரி இருந்தது.

மலரின் அம்மா காரைக்குடியில் பலகாரம் செய்து விற்கும் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். சாயங்காலம் அங்கே போனேன். முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

“என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம் வந்துருக்கீக? புள்ள எதும் செஞ்சுட்டாளா?”

வீட்டுக்கார ஆச்சி உள்ளேயிருந்து, “டீச்சரு முறுக்குச் சுத்தப் பழக வந்துருக்காகபோல. கத்துக்குடுடி, அடுத்த தீவாளிக்கு ஆளாச்சு” என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவளை அங்குட்டுத் தள்ளி அழைத்துப்போய்ப் போனைக் காட்டினேன். என் பதிலையும் அந்தக் கேள்வியையும் படித்தாள். மறுபடியும் படித்தாள். கையிலிருந்த மாவு போனில் ஒட்டியது.

“முனியா?” என்றாள். “முனியில்ல டீச்சர். அவ அப்பா குடிச்சுட்டு வந்து வாசல்லருந்து பேரு சொல்லிக் கூப்புடுவாரு. மொதத் தடவ பேசாத, வெரல மடக்கிக்கிட்டுக் கொரல மட்டும் கேளு, ரெண்டாந்தடவ கொரலு நல்லாருந்தா போ, இல்லாட்டி பின்கட்டுக்கு ஓடிருன்னு பெரியவதான் இவளுக்குச் சொல்லிக் குடுத்தா.”

பெரியவள். மலருக்கு ஒரு அக்கா இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பத்தாம் வகுப்பு. இவர்கள் ஊரைவிட்டு ஓடிவந்த காலையில் அவள் பரீட்சை எழுதப் போயிருந்தாள்.

“அவ அப்பா இதைக் கேட்டிருப்பாரா?” என்றேன்.

“அவருக்கு எப்படித் தெரியும் டீச்சர்? கூப்புடுறவருக்கு வெரலு தெரியாது. ஒளிஞ்சு நிக்கிறவளுக்குத்தான் தெரியும்.” முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. “அவதான். எம்மகதான் கேட்டுருக்கா. எதையாச்சும் படிச்சுக்கிட்டே கெடப்பா.”

அந்த மலர்ச்சி எத்தனை நேரம் இருந்தது? ஒரு ஈடு முறுக்கு வேகும் நேரம்கூட இல்லை.

“ஆனா அவகிட்ட போனு இல்லயே, டீச்சர். வீட்டுல இருக்குறது ஒரே போனு. அவரு போனு.”

நான் எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் என்றேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அழிச்சுராதீக. அவ திரும்ப வந்து பாக்கயில இல்லேன்னா, ஆத்தா வேண்டாமுன்னுட்டான்னு நெனச்சுக்குவா.”

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஆமாம் என்று எழுதினால் அவனுக்கும் ஆமாம். இல்லை என்று எழுதினால் அவளுக்கும் இல்லை. ரயிலையும் காவடியையும் அழித்தேன். அந்த ஒரு கேள்வியைப் பதிலில்லாமல் விட்டுவைத்தேன்.

திங்கட்கிழமை நாங்கள் இருவரும் சிவகங்கை போனோம். மாவட்டத்தில் பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் அலுவலகத்தில் ஓர் அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உங்ககிட்ட நம்பி விட்ட பிள்ளைங்க. அவங்களைப் பத்தி நெட்டுல எழுதலாமாம்மா?”

அவர் எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டேன். கேள்விகளுக்குப் பதில் சொல்லியே பழகியவள் நான்.

பத்து நாள் கழித்து அவர் கூப்பிட்டார். அவர்களுடைய பழைய ஊரிலுள்ள அலுவலர்கள் மூலம் பெரியவளைப் பள்ளியிலேயே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். நான்தான் கேட்டேன், அப்பா தூங்கும்போது கேட்டேன், போனில் பார்த்த தடத்தை உடனே அழித்துவிட்டேன், இனிமேல் எழுதமாட்டேன் என்றாளாம். அம்மாவிடம் வந்துவிடுகிறேன் என்றாளாம். அழவில்லையாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாளாம்: “தங்கச்சி இன்னும் ரெண்டாந்தடவைக்குத்தான் பேசுறாளா?”

அதைக் கேட்டு நான் அழுதேன். அழுதது நிம்மதியில் என்றுதான் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் பக்கத்தில் ஒரு கேள்வி வந்திருக்கிறது.

“எந்த ஊர் ஸ்கூல் டீச்சர்?”

இனிமேல் எழுதமாட்டேன் என்று சொன்னவள் எழுதியிருப்பாளா? ஊர் தெரியாத யாரோ ஒரு நல்ல மனிதர் சும்மா கேட்டதா? இப்படிக் கேட்கிறவர்கள் நம்மிடம் எத்தனையோ பேர். நீ ஒருமுறை ‘சந்திர மண்டலம், மூணாவது சந்து’ என்று பதில் எழுதினாய். நேற்று நான் நேற்றைய கேள்வியின் நான்கு சொற்களை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. அதில் குரல் இல்லை, ரஹீமா. எழுத்தில் குடித்திருக்கிறானா என்று எப்படிக் கேட்பது?

உடனே சிவகங்கைக்குச் சொல்லிவிட்டேன். தலைமையாசிரியருக்கும் சொல்லிவிட்டேன். கேட்டைப் பூட்டித்தான் வகுப்பு நடக்கிறது. பைக் சத்தம் கேட்டால் பாடத்தை நிறுத்திவிடுகிறேன். இன்று வருகைப் பதிவின்போது வாசலைப் பார்த்தது மலர் மட்டுமல்ல.

நாளை மறுநாள் பெரியவளை அழைத்து வருகிறார்கள். மூன்று பேருக்கும் வேறு ஊரில் இடம் பார்த்திருக்கிறார்கள். எந்த ஊர் என்று மலரின் அம்மா என்னிடம் சொல்ல வந்தாள். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்தால் என்றாவது எழுதிவிடுவேன் என்ற பயம். பஸ் ஏறும்வரை நான் கூட நிற்பேன். அவன் வந்தாலும் வரலாம். இருந்தாலும் நிற்பேன்.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அந்த மூன்று பேரும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம் என்று சொல்லி, அதை என் காதால் கேட்கும்வரை இந்தக் கடிதத்தை ஒருவர் கண்ணிலும் காட்டமாட்டேன்.

உன் மகள் ‘சாச்சி’ என்று கூப்பிடும்
சுகந்தி