இரண்டு குண்டூசித் துளைகள்

மார்ச் 4

அன்புள்ள ரப்பர்,

அலுவலகத்தில் உனக்கு வைத்த பெயரையே எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ இங்கிருந்து போய் நான்கு வருடமாகிறது, ஒரு வரி எழுதினாயா? கல் நெஞ்சுக்காரி.

நம் பல்மொழி அகராதிக்கு மறுபதிப்பு வருகிறது. உன் வேலையைப் பறித்த ‘புர்ரோ’ என்ற சொல்லின் குறிப்பு அட்டையைத் திருத்த வேண்டுமாம். இத்தாலிய மொழியில் வெண்ணெய், ஸ்பானிய மொழியில் கழுதை, இரண்டுக்கும் ஒரே வேர் என்று நான் எழுதி, நீ சரிபார்த்துக் கையெழுத்திட்டு, ‘கழுதை வெண்ணெய்’ என்று பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டனவே, அதே அட்டைதான். இத்துடன் வைத்திருக்கிறேன். நீ திருத்திக் கொடுத்தால் உன் பெயரையும் போடச் சொல்கிறேன்.

உன் குண்டூசி

மார்ச் 15

அன்புள்ள குண்டூசி,

நலம். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளுக்குப் பிழை திருத்துகிறேன். அதை யாரும் படிப்பதில்லை, அதனால் யாரும் திட்டுவதுமில்லை. முழங்கால்தான் மக்கர் செய்கிறது.

எழுதிக்கொள். இத்தாலியரின் புர்ரோ, வெண்ணெய்க்கான பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தின் ‘பட்டர்’ அதற்கு உறவுக்காரன். ஸ்பானியத்திலும் போர்த்துக்கீசியத்திலும் புர்ரோ கழுதை. அது குட்டைக் குதிரைக்கான இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அங்கே முட்டாளையும் அப்படித்தான் திட்டுவார்கள். என்னையும் சேர்த்துக்கொள்.

ஒன்று கேட்கிறேன். அட்டையின் மூலையில் இரண்டு குண்டூசித் துளைகள் இருக்கின்றன. தப்பு இருந்தால் மட்டும்தான் அதை எழுதி அட்டையில் நான் சீட்டுக் குத்துவேன். நீ திருத்திவிடுவாய் என்ற நம்பிக்கையில் கையெழுத்தையும் முன்கூட்டியே போட்டுவிடுவேன். இந்த அட்டையை நான் சரியாகப் பார்த்தேனா என்று நான்கு வருடமாக என்னையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தச் சீட்டு எங்கே?

ரப்பர்

மார்ச் 22

ரப்பர்,

இவ்வளவு நாள் என் தையல் பெட்டியில் இருந்தது. இத்துடன் அனுப்புகிறேன். ‘இரண்டும் வேறு வேறு பிறப்பு. சேர்க்காதே.’ நீ கைப்பட எழுதியதுதான்.

ஒரே வேரை நானே கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து மூன்று நாள் தலைகால் புரியாமல் இருந்தேன். விட மனம் வரவில்லை. சீட்டைக் கழற்றிவிட்டு அச்சுக்கு அனுப்பினேன். “பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று அகராதி ஆசிரியர் உன்னைக் கேட்டபோது பக்கத்தில்தான் நின்றேன். “ஞாபகம் இல்ல சார்” என்றாய். நான் வாயைத் திறந்தால் என் வேலை போயிருக்கும். பயந்துவிட்டேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன், மன்னித்துவிடு.

குண்டூசி

ஏப்ரல் 2

அன்புள்ள குண்டூசி,

சீட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். நான் கவனமாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று தெரிந்ததே போதும் என்று ஒரு நாள் இருந்தேன். மறுநாள் போதவில்லை.

உன்னை மன்னிப்பது பெரிய காரியமில்லை. ஆனால் இது எனக்கு வர வேண்டிய சீட்டு இல்லையடி. பழைய துளைகளிலேயே குத்தி, அட்டையோடு திருப்பி அனுப்புகிறேன். ஆசிரியர் மேசையில் அப்படியே வை. நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். வைத்துவிட்டு எழுது, உன்னைப் பார்க்கக் கிளம்பி வருகிறேன்.

காத்திருக்கும் ரப்பர்

ஜூன் 10

ரப்பர்,

மறுபதிப்பு வந்துவிட்டது. புர்ரோ இப்போது இரண்டு தனித்தனிப் பதிவு, நீ சொன்னபடியே. புதிய அட்டை எழுதி, புதிதாக வந்திருக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினேன். உன் பெயரைப் போடக் காரணம் கேட்டார்கள். பெயர் இல்லாமலே அச்சுக்கு அனுப்பினேன்.

நீ சீட்டோடு அனுப்பிய அட்டையை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும், “உக்காருங்க, டீ சாப்பிடுங்க” என்றார். குடித்துவிட்டு வந்தேன். நான் ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது.

அட்டையும் சீட்டும் தையல் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. முழங்காலைப் பார்த்துக்கொள். நீ கிளம்பி வர வேண்டாம்.

குண்டூசி