பட்டியலில் இல்லாத பெட்டி

ஜூன் 2

என் சிஸ்டரம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீயும் நம் வாலுப் பெண்ணும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே சண்டை வருகிறது, எழுதுங்கள் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் ஊரிலேயே பெண்ணுக்குக் கல்லூரி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பதினொரு வருடமாக லீவுக்கு லீவு பார்த்த குழந்தையை இனி வாராவாரம் பார்ப்பேன். விடுதிக்கான சாமான்களை லாரி பார்சலில் முன்கூட்டியே அனுப்பு. நான் எடுத்துக்கொண்டுபோய் அவள் அறையில் வைத்துவிடுகிறேன்.

ஒரே நிபந்தனை. பெட்டிக்குப் பெட்டி எண் வேண்டும், எதில் என்ன என்று பட்டியல் வேண்டும். சிரிக்காதே. சரக்கு குறைந்தால் யாரோ மறந்திருக்கிறார்கள். கூடினால் யாரோ எதையோ மறைக்கிறார்கள். என் ஸ்டோரில் இது ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

உன் ஸ்டோர்கீப்பர்


ஜூன் 6

அன்புள்ள என்னங்க,

நாங்கள் இருவரும் நலம். கட்டளைப்படி பட்டியல்: முதல் பெட்டியில் துணி, போர்வை, தலையணை. இரண்டாவதில் பக்கெட், மக், இஸ்திரிப் பெட்டி, செருப்பு. மூன்றாவதில் புத்தகம், மேஜை விளக்கு, அவளுடைய நூற்றெட்டுப் பேனா. போதுமா, இல்லை பேனாவின் நிறமும் வேண்டுமா?

உங்கள் மகள் பெட்டி அடுக்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். ஒன்று உள்ளே போனால் இரண்டு வெளியே வருகிறது. சின்ன வயதுப் போர்வையை விடவே மாட்டேன் என்கிறாள். "கிழிஞ்சு தொங்குதுடி, ஹாஸ்டல்ல சிரிப்பாங்க" என்றேன். "சிரிக்கட்டுமே. போர்த்திக்கப் போறது நானா, அவங்களா?" என்கிறாள். அப்படியே உங்கள் வாய்.

அவளை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் அறையில் தங்கினால் ஆகாதா? அவள் போன பிறகு இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்? ஆஸ்பத்திரி வார்டில் இருக்கும்வரை பரவாயில்லை. டியூட்டி முடிந்து கதவைத் திறந்தால்தான் பகீரென்கிறது. இதை முன்பும் இரண்டு முறை எழுதினேன். இங்கே நல்ல மழை என்று பதில் போட்டீர்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 10

சிஸ்டரம்மாவுக்கு,

பட்டியல் கிடைத்தது. விடுதியில் இஸ்திரிப் பெட்டிக்கு அனுமதி இல்லை, எடுத்துவிடு.

நீ வர வேண்டாம். பெண் தனியாக ரயிலில் வரட்டும், பழகட்டும். நான் பிளாட்பாரத்தில் நிற்பேன். என் அறை உனக்குச் சரிப்படாது. தண்ணீரே ஒழுங்காக வருவதில்லை.

இன்னொன்று. தெருமுனைத் தையல்காரர் எழுதியிருக்கிறார். யாரோ கணவன் மனைவி வந்து நம் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்களாம். நாடா வைத்து ஜன்னலை அளந்தார்களாம். நாம் குடியிருக்கும் வீட்டின் ஜன்னல் அளவு அடுத்தவனுக்கு எதற்கு? நீயும் வாயைத் திறக்கவில்லை. என்ன நடக்கிறது அங்கே?

உன் ஸ்டோர்கீப்பர்


ஜூன் 13

அன்புள்ள என்னங்க,

தையல்காரரை எனக்குக் காவல் வைத்திருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. நான் கொடுத்த துணியைத் தைக்க அந்த மனிதருக்கு மூன்று மாதமாக நேரமில்லை. என் ஜன்னலை வேவு பார்க்க மட்டும் நேரம் இருக்கிறது! வீட்டு ஓனர் வெள்ளையடிக்கப் போகிறார், அதற்கு ஆள் வந்து பார்த்தது. அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்கிறேன். போன மாதம், "தினமும் விடியக்காலையில் தலைக்கு நான்கு பக்கெட் ஊற்றிச் சளி பிடித்துவிட்டது" என்று எழுதினீர்கள். தண்ணீர் வராத அறையில் அந்த நான்கு பக்கெட் எங்கிருந்து வந்தது? அந்த அறையில் நான் பார்க்கக் கூடாதது என்ன இருக்கிறது? இல்லை, யார் இருக்கிறார்கள்? வலிக்கவில்லை என்று சொல்கிற நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் நான். என்னிடம் வேண்டாம் இந்த வேலை.

பெட்டிகள் நாளை கிளம்புகின்றன. பத்திரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஜூன் 18

பார்சல் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வந்தது நான்கு பெட்டி. உன் பட்டியலில் மூன்று. நான்காவதற்கு எண்ணும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அங்கே இருந்த கிளார்க்கைச் சாட்சி வைத்துத் திறந்தேன்.

உன் வெள்ளை யூனிஃபார்ம் ஆறு. உன் முழங்கால் தைலம். உன் மூக்குக்கண்ணாடி. உன் சர்டிபிகேட் அத்தனையும். எல்லாவற்றுக்கும் அடியில் புத்தம் புதிதாக ஓர் ஆண்பிள்ளைச் சட்டை, மடிப்பில் குத்தின குண்டூசியைக்கூடக் கழற்றாமல். அளவு நாற்பத்திரண்டு. எனக்கு நாற்பது. கல்யாணத்தன்றைக்கும் நாற்பது, இன்றைக்கும் நாற்பது.

பெண்ணின் சாமானோடு சாமானாக உன்னுடையதையும் இந்த ஊருக்குக் கடத்துகிறாய். அங்கே வீட்டையும் காலி செய்கிறாய். என்னிடம் மூச்சுவிடவில்லை. இங்கே யார் வீட்டுக்குப் போகிறாய்? யார் அந்த நாற்பத்திரண்டு?

எங்கள் வழக்கப்படி பெட்டியின் மேல் "பட்டியலில் இல்லை, ஏற்கவில்லை" என்று எழுதி, கையெழுத்திட்டு, வந்த முகவரிக்கே திருப்பி அனுப்பிவிட்டேன். பதில் எழுது.


ஜூலை 1

என்னங்க,

பெட்டி திரும்பி வந்தது. நான் அன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. புதிதாகக் குடிவந்த பெண்தான் வாங்கி வைத்திருந்தாள். நீங்கள் மேலே எழுதியதைப் படித்திருப்பாள்போல. என் முகத்தைப் பார்க்காமல், "பெட்டி கனமா இருக்குக்கா, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்றாள்.

வெள்ளையடிக்க ஆள் வந்தது என்று நான் எழுதியது பொய். வீட்டைக் காலி செய்தேன், வேலையையும் விட்டேன். உங்கள் ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பேசி வைத்திருந்தேன். வாலுக்கு மட்டும் தெரியும். கேட்டால் நீங்கள் நூறு காரணம் சொல்வீர்கள். பெட்டி வந்து இறங்கிவிட்டால், ஆளை வராதே என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது என்று நினைத்தேன். உள்ளே ஒரு சீட்டு எழுதிப் போட்டிருக்கலாம், தோன்றவில்லை. பெண்டாட்டியின் துணிமணி புருஷன் கைக்கு வந்து சேர்ந்தால் அதற்கு என்ன விளக்கம் வேண்டியிருக்கிறது?

அந்த நாற்பத்திரண்டு நீங்கள்தான். போன லீவில் வயிற்றுக்கு நேரே மூன்று முறை பட்டன் தெறித்தது. மூன்று முறையும் நான்தான் தைத்தேன். உங்களுக்குத் தொப்பை விழுந்தது உங்களைத் தவிர ஊருக்கே தெரியும்.

என் சந்தேகமும் தப்புதான். வாலு உங்கள் அறையைப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள். "ஒரே தட்டு, ஒரே டம்ளர்மா. எனக்குத் தண்ணி குடுத்துட்டு, டம்ளரைக் கழுவி அப்பா குடிச்சார். ரொம்பக் கூச்சப்படுறார்" என்றாள். அந்த வெறும் அறையைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் என்னை வர வேண்டாம் என்றிருக்கிறீர்கள். நான் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன். மன்னித்துவிடுங்கள், மனதாரக் கேட்கிறேன்.

ஆனால் எனக்குச் சந்தேகம் வந்தபோது உங்களிடம்தான் கேட்டேன். உங்களுக்கு வந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் எதிரில் என் துணியை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினீர்கள். கேள்வி கேட்ட கையோடு, பதில் வருவதற்குள் திருப்பியும் அனுப்பிவிட்டீர்கள். எவ்வளவு அழுதேன் தெரியுமா? அழுது முடித்த பிறகும் அது ஆறவில்லை.

உங்கள் ஊர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறோர் ஊரில் சேர்ந்திருக்கிறேன். நர்ஸ்கள் குடியிருப்பில் அறை கொடுத்திருக்கிறார்கள், வெளிச்சமான அறை. அதன் முகவரியை இதில் எழுதவில்லை. வாலிடம் இருக்கிறது. வேண்டுமானால் விடுதிக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டி திரும்பி வந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை. உங்கள் ஊர் வேலை சரிப்படவில்லை என்று மட்டும் சொன்னேன். அதனால் முகவரி கேட்டதும் அவள், "அம்மா எங்க இருக்காங்கன்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியாமப் போச்சு?" என்றுதான் முதலில் கேட்பாள்.

அதற்கு என்ன பதில் என்பதை நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.

வாலின் அம்மா