மாற்றி வைத்த மாத்திரை

ஜூலை 3, புதன்

தம்பி தமீமுக்கு விசா வந்துவிட்டது. ரியாதில், வாப்பா வேலை செய்யும் கடையிலேயே. உம்மா தெரு முழுக்கப் பூந்தி கொடுத்தாள். அவன் மட்டும் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. "லாத்தா, நான் இங்கனயே எதாச்சும் கடைக்குப் போறேனே" என்றான். அக்காக்காரி நான், போடா லூசு என்றேன். இரண்டு வருடமாக மனநல டாக்டரிடம் மாத்திரை வாங்குகிறவனிடம் சொல்லும் வார்த்தையா அது? என் வாயில் தீயை வைக்க.

ஜூலை 5, வெள்ளி

விசா ஏஜென்ட் மஹ்மூது காக்கா வந்தார். "ரத்தத்துல அந்த மாத்திரை தெரிஞ்சா மெடிக்கல் டெஸ்ட்ல அன்ஃபிட்டுதான். இன்னைக்கே நிறுத்திருங்க." உம்மா என்னைப் பார்த்தாள். தமீமிடம் சொன்னால் சம்மதிக்க மாட்டான். அதைப் போட்ட பிறகுதான் அவன் காதுக்குள் பேசுகிற குரல் ஓய்ந்தது. அதனால் மருந்துக் கவரில் சத்து மாத்திரையைப் போட்டு வைத்தேன். நான்தான். அதே வெள்ளை, அதே அளவு. மூன்று வாரம்தானே?

ஜூலை 9, செவ்வாய்

"தேங்க்ஸ் லாத்தா" என்று வாங்கி விழுங்கினான்.

ஜூலை 16, செவ்வாய்

நான்கு நாளாகத் தூக்கம் இல்லை அவனுக்கு. சோற்றில் எதையோ கலந்துவிட்டோமாம், பானையோடு முற்றத்தில் கவிழ்த்தான். "மெடிக்கலுக்கு இன்னும் ஒம்போது நாளுதான், பொறுத்துக்க ஏளா" என்கிறாள் உம்மா. எதைப் பொறுக்க?

ஜூலை 19, வெள்ளி

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு போச்சு.

ஜும்மா தொழுகை முடிந்து வந்த தமீம் நேரே அம்மிக் குழவியைத் தூக்கினான். டிவி, கண்ணாடி அலமாரி, அப்புறம் உம்மாவின் நெற்றி. குறுக்கே விழுந்தேன். என் கையை முறுக்கிக்கொண்டே கத்தினான்: "இது ஒன் வீடு! ஒனக்குத்தான் எழுதி வச்சிருக்கு! எனக்கு எதுளா வீடு?" எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவன் கேட்டதில் என்ன தப்பு? எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டுக்குப் போகணும். அதுக்குச் சம்பாதிக்கணும். சம்பாதிக்கக் கடல் தாண்டணும். தாண்ட முடியாதவன்?

தெரு ஆட்கள் ஓடிவந்து நைலான் கயிற்றால் அவனை ஜன்னல் கம்பியோடு கட்டினார்கள். கட்டின பிறகும் அடித்தார்கள். பக்கத்து வீட்டு முஜாஹித், தமீமின் வயிற்றிலேயே மிதித்தான். இடது கையில் கிடைத்த செம்பால் முஜாஹித் மண்டையில் போட்டேன். "அக்காளுக்கும் பைத்தியமா?" என்றான். ஆமாடா, பைத்தியந்தான். இன்னொரு மிதி மிதிச்சிருந்தா கொன்னே போட்டிருப்பேன் — கொல்ல வேண்டியது அவனையா, என்னையா?

ஜூலை 20, சனி

தூத்துக்குடி பெரியாஸ்பத்திரி. உம்மாவுக்குப் பதினோரு தையல். அந்தத் தலையோடு கெஞ்சுகிறாள்: "வழுக்கி விழுந்தோம்னு சொல்லு ஏளா, விசா போயிரும்."

டாக்டரம்மா தமீமைத் திட்டினார், மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று. "நிறுத்தல டாக்டர். தெனமும் போட்டேன், அல்லாஹ் மேல சத்தியமா" என்று அழுதான். ஒருவரும் நம்பவில்லை.

சொல்லிவிட்டேன். எல்லார் முன்னாலும், நான்தான் மாற்றி வைத்தேன் என்று. கட்டிலில் கட்டிப்போட்டிருந்தவன் தலையைத் தூக்கித் துப்பினான். என் முகத்தில் விழுந்தது. நான் துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

விசா போயிற்று. வாப்பா என்னோடு பேசுவதில்லை.

தமீமை நேற்று வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் வந்து கையை நீட்டினான். "கவர ஏங்கிட்டக் குடு. இனிமே நானே போட்டுக்கிடுதேன்." கொடுத்தேன். உதிரியாக வேண்டாம், அட்டையோடுதான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கியிருக்கிறான். அட்டையின் பின்னால் இருந்த எழுத்தை இரண்டு முறை படித்தான். அப்புறம்தான் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டான்.

தண்ணீர் கொண்டுபோனேன். வாங்கவில்லை. முற்றத்துக் குழாயைத் திறந்து, கையில் பிடித்துக் குடித்தான்.