யாரும் சேர்க்காத அழுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உடம்பளவில் இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குங்கள். லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை பார்ப்பவர் அரைத்தூக்கத்தில் இருக்கக் கூடாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "சொல்லுங்க மாமா" என்றதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "ஒண்ணுமில்ல மாப்பிள்ளை, சும்மாதான்" என்று வைத்துவிடுகிறேன். கல்லூரியில் வேதியியல் வகுப்பு எடுத்த காலத்திலிருந்தே, சொல்ல வேண்டியதை முதலில் பலகையில் வரிசையாக எழுதினால்தான் எனக்குப் பேச்சு வரும். எனவே:

1. நீங்கள் கூரியரில் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்த விவரம்.
2. அதிலிருந்த எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்த்து எனக்கு உண்டான அருவருப்பு. (வேறு மென்மையான சொல் தேடினேன். கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.)
3. அதன் பல குரல்கள்.
4. என் மகள் அதைத் தொடப்போவதில்லை என்பதால், திருப்பி அனுப்பிவிடலாம் என்ற என் யோசனை.

பெட்டி பத்திரமாக வந்தது. அவள் வெளியே போயிருந்தாள். பிரிக்கலாமா கூடாதா என்று எனக்குக் குழப்பம். நான் குழம்பி முடிப்பதற்குள் உங்கள் அத்தை கத்தரிக்கோலோடு வந்துவிட்டாள். உள்ளே பார்த்தவள், "ஏங்க, புதுசுன்னு சொன்னாரே, எலி கரண்டின மாதிரி இருக்கு? கூரியர்காரன் இழுத்துட்டு வந்தானா?" என்று பதறினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புகார் எழுதுவதற்காக, பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு சேதங்களைக் குறிக்க உட்கார்ந்தேன்.

இனி இரண்டாவது.

திருகாணிகளில் துரு இருந்தது. கிட்டாரில் துரு கை வியர்வை படுகிற இடத்தில்தான் முதலில் பிடிக்கும். இதில் முன்னும் பின்னும், கையே போகாத மூலையிலும் ஒரே சீராகப் பிடித்திருக்கிறது. புதிதைப் பழையதாகக் காட்ட, செய்தவர்களே மொத்தமாக அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிகிறது; ஓரத்தில் உப்புத்தாள் இழுத்த கோடுகள். கழுத்தில் விரல் அழுக்கு போல ஒரு கருமை. ஈரத்துணியால் துடைத்தேன், போகவில்லை. அது சாயம். யாரும் சேர்க்காத அழுக்கு! தலைப்பகுதியில் சிகரெட்டை அணைத்தது போல ஒரு சூடு. நம் இரண்டு வீட்டிலும் யாருக்கும் இல்லாத பழக்கத்தின் தழும்பு. எல்லாவற்றையும் பார்த்து முடித்ததும் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். திரும்பி வந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினேன்.

எதிர்வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போய் மூஞ்சியச் சுளிக்கிறீங்களே சார். கிழிஞ்ச பேன்ட்டத் தைச்சுக் குடுத்த கை இது. இப்ப நல்ல பேன்ட்டக் கொண்டாந்து கிழிச்சுக் குடுங்கன்றான். கூலியும் கூடக் குடுக்குறான்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் எண்ணம் எனக்குப் புரியாமல் இல்லை. அவள் இங்கே வந்து தங்கியிருந்த நாட்களில், அவளுடைய பழைய கிட்டாரைக் கடையில் கொடுத்து இதை மாற்றி வாங்கி வைத்தீர்கள். அவளை அசத்திவிட வேண்டும் என்ற ஆசை. "கழுத்து வளைய ஆரம்பிச்சிருச்சு மாமா, என்னைக்காவது மேடையில காலை வாரியிருக்கும். அதான் முன்கூட்டியே மாத்திட்டேன். அச்சு அசலா அதே மாதிரிதான் இருக்கு" என்று சொன்னீர்கள். கம்பி அறுந்து விழும்வரை காத்திருக்காமல் மாற்றுவதுதான் உங்கள் தொழிலில் ஒழுக்கம். லிஃப்டுக்கு அது மிகவும் சரி. ஆனால் மாப்பிள்ளை, நிஜமாகவே தேய்ந்ததைக் கொடுத்துவிட்டுத் தேய்ந்தது போல நடிப்பதை வாங்கி வர உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பழையதில் பெயின்ட் போன இடம் கல்லூரி நாளிலிருந்து அவள் கை தேய்த்த இடம். கோபத்திலும் வாசித்தாள், காய்ச்சல் அடித்தபோதும் வாசித்தாள். அந்த இடத்துக்கு ஒரு இயந்திரத்தை விட்டுத் தேய்த்துக் கொடுத்தால், அதற்கு என்ன பெயர் சொல்வது?

உங்கள் வீட்டுக்கு வந்து உறையைத் திறந்து பார்த்த அன்றே, அதை அங்கேயே விட்டுவிட்டு, ஒரே பையோடு இங்கே திரும்பி வந்துவிட்டாள். உங்கள் அத்தை உங்கள் பக்கம்தான். "நல்லதுன்னு நினைச்சுத்தானேடி செஞ்சாரு" என்றாள். அதற்கு இவள், "நாளைக்கு எனக்கு முட்டி வலின்னா, என்னையும் கடையில குடுத்துட்டு என்னை மாதிரியே ஒருத்தியக் கூட்டிட்டு வருவாரும்மா. அவளுக்கும் நரை கிரை எல்லாம் ஒட்டிக் குடுப்பாங்க" என்றாள். அதன்பிறகு உங்கள் பேச்சை எடுக்கவில்லை. 'நரை' என்று அவள் சொன்னது, பெட்டியைப் பிரித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் மறுபடி கடையில் விசாரித்ததையும், பழையது கைமாறிப் போய்விட்டதையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவ்வளவுதான்.

மூன்றாவது, குரல்கள். ஒரே கருவியில் எல்லா வகை இசையும் வாசிக்கலாம் என்று கூட வந்த தாளில் போட்டிருக்கிறது. ஹெட்போனை மாட்டி, ஒரு கம்பியை மட்டும் தட்டி, சுவிட்சை ஒவ்வொரு நிலையாகத் தள்ளிப் பார்த்தேன். ஒரு நிலையில் குழைகிறது, ஒன்றில் தகரமாக ஒலிக்கிறது, ஒன்றில் மூக்கால் பேசுகிறது, திருகை முழுக்கத் திருப்பினால் உறுமுகிறது. உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். என்னிடம் ஒரு குரல், அத்தையிடம் தேன் ஒழுகும் குரல், "மன்னிச்சிடு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் கூரியர்காரன் குரல். இப்படி எழுதுவது வரம்பு மீறலா என்று தெரியவில்லை. அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இன்னொன்று, ஒலி உண்மையில் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நான்காவதை விரிவாக எழுதத் தேவையில்லை. அவள் வந்து பார்த்தாள், உறையை மூடிச் சுவர் ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனாள். ஒரு வாரமாக அது அங்கேயே இருக்கிறது. நாளை திருப்பி அனுப்புகிறேன்.

இதுவரை நேற்று எழுதியது. அஞ்சல் நிலையத்துக்குக் கிளம்பியவன் மறுபடி உட்கார்ந்து எழுதுகிறேன்.

பெட்டியைக் கட்டுவதற்குச் சணல் தேடி அவள் அறைப்பக்கம் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து, ஹெட்போன் மாட்டி, வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் கேட்டது. சுவிட்சை இரண்டு தடவை தள்ளினாள், ஒரு நிலையில் விட்டுவிட்டாள். என்னைப் பார்த்ததும் ஒரு காதை மட்டும் விடுவித்து, "பார்க்கச் சகிக்கலப்பா. ஆனா சொன்ன பேச்சைக் கேக்குது" என்றாள். மறுபடி மாட்டிக்கொண்டாள்.

நான் நின்று பார்த்தது அவள் கையை. கிட்டாரை மற்றவர்களைவிட உயர்த்தி, நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பது அவள் வழக்கம். அதனால் இயந்திரம் தேய்த்து வைத்த இடத்தில் அவள் கை விழவில்லை. நாலு விரல் தள்ளி விழுகிறது. அங்கே பெயின்ட் புத்தம் புதிதாக இருக்கிறது. அது தேய வருடக்கணக்காகும்.

இதை வைத்து அவள் மனம் இறங்கிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். எனக்குத் தெரியாது; கேட்கவும் துணிச்சல் இல்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வாருங்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்காமல் வாருங்கள். வரும்போது எதையும் வாங்கி வராதீர்கள். வாசலில் நின்று என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் தெரியாமலே நில்லுங்கள். கதவை நான் திறக்கிறேன்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

நான்காவது குறிப்பு தவறு.

இப்படிக்கு,
உங்கள் மாமா