சிவப்புப் பொட்டு வைத்த பால்பொடி டின்

பிப்ரவரி 20

டிக்கெட் போட்டாயிற்று. குவைத்திலிருந்து நேரே கொச்சி போகிற விமானத்தில் இல்லை. அதற்கெல்லாம் நமக்கு ஏது கொடுப்பினை? நடுவில் ஒரு ஊரில் இறக்கிவிடுவான், ராத்திரி முழுக்க நாற்காலியில் தவம் கிடக்க வேண்டும். அதுவும் மார்ச் மாதம் என்பதால் இன்னும் மலிவு. டிக்கெட் மலிகிற மாதத்தில்தான் அன்னுவுக்குப் பரீட்சை வரும். பத்து வருடமாக என் பெண்ணைப் பரீட்சைப் புத்தகமும் கையுமாகத்தான் பார்க்கிறேன்.

செலின் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அறை, என் கஞ்சத்தனம் முழுக்க அவளுக்கு அத்துப்படி. "ஷைனி, நீ செத்தாக்கூட சீசன் முடிஞ்சப்புறம் அனுப்புங்கன்னு எழுதி வெச்சுட்டுத்தான் சாவ."

சிரித்தேன். இது கடைசித் தடவை என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பிப்ரவரி 27

இன்று சொல்லிவிட்டேன். தொடுபுழையில் எல்ஸம்மா ரத்தப் பரிசோதனைக் கடை போடப் போகிறாள். நர்ஸிங் படித்தபோது என் பக்கத்துக் கட்டில்காரி. என்னையும் கூட்டுச் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறாள். மார்ச் முடிவதற்குள் என் பங்கைக் கொடுத்தால் கடை எங்கள் இருவருக்கும். அப்புறம் விமானமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். காலையில் அன்னுவுக்குத் தலை பின்னிவிட்டு வேலைக்குப் போவேன்.

பங்கு என்பது என் ஐந்து பவுன் சங்கிலி. ஓவர்டைம் பார்த்து, மதியச் சோற்றைப் பாதியாக்கி வாங்கியது. சம்பளம் அத்தனையும் கூட்டுக் கணக்குக்குப் போய்விடும், கணக்குப் புத்தகம் அச்சாயன் (என் புருஷன்தான்) கையில். பேங்குக்குப் போகாத ஒரே சம்பாத்தியம் இதுதான்.

"கழுத்துல போட்டுக்கிட்டுப் போ. பொம்பளைக்கு இவ்வளவு தங்கம் கொண்டுபோக அனுமதி உண்டே" என்றாள் செலின்.

போடலாம். ஏர்போர்ட்டில் அச்சாயன் பெட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என் கழுத்தைத்தான் பார்ப்பார். போன தடவை வளையல், அதற்கு முன்னால் மோதிரம். "நான் பத்திரமா வெச்சிருக்கேன்டீ." அவருடைய பத்திரம் பாலா டவுன் அடகுக் கடையில் இருக்கிறது. ரப்பர் ஷீட் வியாபாரம், கோழிப் பண்ணை, இப்போது ஏதோ கல்குவாரிப் பங்காம். கைப்பையும் ஆகாது. சாக்லேட் தேடுகிறேன் என்று நாத்தனார் பெட்ஸி அதன் அடிவயிறு வரை துழாவிவிடுவாள்.

பால்பொடி டின்தான் சரி. வீட்டில் யாரும் உடனே உடைக்க மாட்டார்கள், அடுக்கித்தான் வைப்பார்கள்.

மார்ச் 5

பெட்டி கட்டும் நாள். இந்த ஃபிளாட்டில் யார் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் வீட்டுப் பொட்டலங்களையும் ஏற்க வேண்டும், மறுத்தால் முகத்தில் விழிக்க முடியாது. மலிவு டிக்கெட்டுக்கு எடை குறைவு. ஆளுக்கொரு சின்னப் பொட்டலம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அறைக்காரி ப்ளெஸ்ஸிக்கு முகம் சுண்டிப்போயிற்று, போகட்டும்.

ஆஸ்பத்திரி ரப்பர் கையுறையின் ஒரு விரலை வெட்டி, சங்கிலியை உள்ளே விட்டு, முடிச்சுப் போட்டேன். வாங்கி வைத்த பால்பொடி டின்களில் ஒன்றின் தகட்டு மூடியைப் பிளேடால் ஓரமாகக் கீறி, பொடிக்குள் அமுக்கி, பசை வைத்து ஒட்டிவிட்டேன். அடையாளத்துக்கு அடியில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு வைத்ததும் ஒரு முத்தமும் கொடுத்தேன்.

செலின் அட்டைப் பெட்டி மேல் காலை ஊன்றி நைலான் கயிற்றை இழுத்துக் கட்டினாள். நாலு பக்கமும் என் பேரை மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதினோம். தராசில் தொங்கவிட்டால் எடை தூக்கல். இரண்டு போர்வையை எடுத்து வெளியே வைத்தேன். மிச்சத்தை உடம்பு மேலேயே போட்டுக்கொண்டேன்: மூன்று சுடிதார், ஒரு குளிர் ஜாக்கெட், அதன் பை முழுக்கத் தைலப் புட்டி. நடந்தால் கடகடவென்று சத்தம்.

மார்ச் 7

பெட்டி வரவில்லை.

எல்லாரும் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் ரப்பர் வளையம் சுற்றுகிறது, சுற்றுகிறது. மாறி ஏறும் ஊரிலேயே தங்கிவிட்டதாம். "வீட்டுக்கே வந்து சேரும் மேடம்" என்றான் கவுண்டரில் இருந்த பையன். உனக்கென்னடா, சொல்லுவ.

வெளியே வந்ததும் அச்சாயன் கேட்டது இதுதான்: "பெட்டி எங்கடீ?"

மூன்று சுடிதாருக்குள் வெந்துகொண்டு நிற்கிற பெண்டாட்டி கண்ணில் படவில்லை.

மார்ச் 8

வந்த சொந்தமெல்லாம் சும்மா திரும்பிப் போகிறது. அம்மச்சி (மாமியார்தான்) வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறாள்: "மலிவா டிக்கெட் எடுத்தா இப்படித்தான். மத்தவங்க மருமகளுக்கெல்லாம் பெட்டி கூடவே வருது."

அன்னு மட்டும் என் மடியில் படுத்துக்கொண்டு சமூக அறிவியல் மனப்பாடம் செய்தாள். அவள் கேட்டது பெட்டியை அல்ல. "இந்தத் தடவை எத்தனை நாளு?"

வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். சங்கிலி கைக்கு வரட்டும்.

மார்ச் 13

பரீட்சை முடிந்து அன்னுவைக் கூட்டிக்கொண்டு தொடுபுழை போனேன். கடை சின்னதுதான், முன்னால் வெளிச்சம் நன்றாக விழுகிறது. ஊசி குத்தும் நாற்காலியை எங்கே போடுவது என்று எல்ஸம்மாவும் நானும் அரை நாள் சண்டை போட்டோம். எவ்வளவு சந்தோஷம்! கடைக்குச் சொந்தக்காரர் வாடகைக்கு வேறு ஆள் பார்க்கிறார், சீக்கிரம் வா என்றாள்.

திரும்பி வந்தால் முற்றமெல்லாம் நைலான் கயிறு.

பெட்டி வந்திருக்கிறது. பிரித்திருக்கிறார்கள். நான் இல்லாமலே!

"நாலு பேரு வந்து நிக்கறாங்க, நீ ஊர் சுத்தப் போயிட்ட. எத்தனை நாள் ஜனங்களைக் காக்க வைக்கறது?" என்றாள் அம்மச்சி. அறைக்காரிகளின் பொட்டலங்கள் அப்படியே இருந்தன, பேர் எழுதியிருந்ததால் தப்பித்தன. மிச்சமிருந்த டின்களைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். பொட்டு இல்லை. ஒன்றிலும் இல்லை.

ஐயோ. யாருக்குப் போச்சு? யாரைப் பிடிச்சுக் கேப்பேன்? என்னன்னு கேப்பேன்?

மார்ச் 14

ஒரு பொய் கிடைத்தது. "அம்மச்சி, தேதி தாண்டின டின் ஒண்ணு கலந்துடுச்சு. தேதி அடியிலதான் போட்டிருக்கும். குழந்தைங்க குடிச்சா வயித்தாலே போகும்."

அம்மச்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "கர்த்தாவே! கெட்டுப்போன சாமானையா என் கையால கொடுக்க வெச்ச?" இருந்தாலும் யார் யாருக்குக் கொடுத்தாள் என்பது வாயில் வந்துவிட்டது. கன்னியாஸ்திரி மடம், மேல்வீட்டு ஔசேப்பு, தையல்காரி, பெட்ஸி.

வீடு வீடாகப் போனேன். பிச்சைக்காரிகூட இப்படிக் கூனிக் குறுகி நிற்க மாட்டாள். ஔசேப்பின் மனைவி டின்னைத் திருப்பிக் கையில் திணித்தாள். "வேண்டாம் மோளே, தள்ளுபடியில வாங்கினதை நீயே வெச்சுக்கோ." சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு, ஜோய்க்குட்டி பெண்டாட்டி கெட்ட பால்பொடி வாங்கி வந்தாள் என்று.

மார்ச் 15

பெட்ஸி வீடு.

அடுப்பு மேடையில் அந்த டின். பொடியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அதில் உப்பு கொட்டி வைத்திருந்தாள். தூக்கிப் பார்த்தேன். பொட்டு இருந்தது.

"தேதி சரியாத்தானே இருக்கு சேச்சி?" என்றாள். "ஆமா, அதென்ன அடியில செவப்பா?"

"கடைக்காரன் வெச்சிருப்பான்" என்றேன்.

"பொடி நல்லா இருந்துச்சு. ஒரு குறையும் இல்ல."

"வேற... வேற ஏதும்..."

"பால்பொடி டின்ல பால்பொடியைத் தவிர வேற என்ன சேச்சி இருக்கும்?" கண்ணை நேராகப் பார்த்துக் கேட்டாள். அப்போது அவளுடைய சின்னது உள்ளேயிருந்து தத்தித் தத்தி வந்தது. வாயில் பலூன் மாதிரி ஒன்றை ஊதிக்கொண்டு. வெள்ளை ரப்பர். கையுறை விரல்.

பெட்ஸியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அவள் குழந்தை வாயிலிருந்து அதைப் பிடுங்கினாள். குழந்தை வீறிட்டது. "சாயா குடிச்சுட்டுப் போங்க" என்றாள்.

குடித்தேன். வேறு என்ன செய்ய? என் சங்கிலியைக் கொடுடி என்றால், ஏது சங்கிலி, எங்களுக்குத் தெரியாமல் ஏன் சங்கிலி என்று அந்த வீடே எழுந்து நிற்கும். ஏர்போர்ட் திருடனிடமிருந்து காப்பாற்றினேன். புருஷனிடமிருந்து காப்பாற்றினேன். பெரிய கெட்டிக்காரி! தூ.

மார்ச் 22

சர்ச் பூசையில் பெட்ஸியின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய செயின்தான். அப்படியானால் சங்கிலி எங்கே?

அச்சாயன் இரண்டு நாளாகச் சீட்டியடிக்கிறார். மீன் வாங்கி வருகிறார். ஆளுக்கு என்ன வந்தது?

மார்ச் 29

எல்ஸம்மா போன் செய்தாள். என்னால் முடியாது என்றேன். காரணம் சொல்லவில்லை. "நாற்காலியை நீ சொன்ன இடத்துலயே போடறேன்" என்றாள். கொல்லைப்புறம் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

ஏப்ரல் 4

அச்சாயன் டிக்கெட் கொண்டு வந்தார். என் திரும்புகிற டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டாராம். நேர் விமானம். முப்பது கிலோ. சாப்பாடும் உண்டு.

பத்து வருடத்தில் இந்த மனுஷன் எனக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுத்ததில்லை.

"பணம் ஏது?" என்றேன்.

"தெய்வம் கொடுத்துச்சு. குவாரிக்குக் கட்டினது போக மிச்சம் இருந்துச்சு. நீ எதுக்கு ராத்திரியெல்லாம் நாற்காலியில கிடந்து கஷ்டப்படணும்?" அம்மச்சி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இப்படிப்பட்ட புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று.

அப்போதுதான் புரிந்தது. பெட்ஸி வைத்துக்கொள்ளவில்லை. அண்ணனிடம் கொடுத்துவிட்டாள்.

ஏப்ரல் 6

ஏர்போர்ட் வாசலில் அன்னு என் துப்பட்டாவை விடவில்லை. விரல் விரலாகப் பிரித்தேன்.

அச்சாயன் காதோரம் குனிந்தார். "அடுத்த தடவை கழுத்துல போட்டுக்கிட்டே வாடீ. நம்ம வீட்டுக்குள்ள எதுக்கு ஒளிவு மறைவு?"

கவுண்டரில் என் ஒற்றைப் பையை எடை போட்ட பெண், "இன்னும் எவ்வளவோ கொண்டுபோகலாமே மேடம், சும்மா வீணாப் போகுது" என்றாள். விமானத்தில் சோறும் கோழியும் வைத்தார்கள். என் சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணிதான் அது. மூடி போட்டபடியே திருப்பிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 11

ஓவர்டைம் பணம் இப்போது எல்ஸம்மா பேருக்குப் போகிறது. பக்கத்து ஊரில் இன்னொரு கடை போடும் யோசனை அவளுக்கு. அவசரமில்லை என்கிறாள்.

ஓணத்துக்குப் பெட்டி அனுப்பு என்று அச்சாயன் போனில் நச்சரிப்பு. பால்பொடியை மறந்துடாதே என்று பெட்ஸி பின்னாலிருந்து குரல் கொடுத்தாள்.

கப்பல் சரக்கில் அனுப்புகிறேன். ஒரு பெட்டி முழுக்கப் பால்பொடி. ஒவ்வொரு டின்னையும் கீறி, கையுறை விரல் ஒன்றை முடிச்சுப் போட்டு உள்ளே அமுக்கி, ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் அடியில் சிவப்புப் பொட்டு. "பைத்தியமாடீ உனக்கு?" என்றாள் செலின். அப்புறம் அவளே உட்கார்ந்து பாதிக்குப் பொட்டு வைத்தாள். பத்து வருடத்தில் இந்த ஒரு செலவுதான் எனக்கு வலிக்கவில்லை.

செப்டம்பர் 23

அன்னு போன் செய்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அம்மா, பெட்டி வந்துச்சு. யாரையும் கூப்பிடல. கதவைச் சாத்திக்கிட்டு அப்பாவும் பெட்ஸி ஆன்ட்டியும் எல்லா டின்னையும் பேப்பர்ல கொட்டிட்டாங்க. அப்பா மீசையெல்லாம் வெள்ளை. உள்ள குட்டிக் குட்டி பலூன். பிச்சுப் பிச்சுப் பார்த்தாங்க. எல்லாத்துலயும் கல்கண்டு!"

"அப்பா என்ன சொன்னாரு?"

"மீசையைத் துடைச்சுக்கிட்டு வெளிய போயிட்டாரு. ஆன்ட்டியும் வீட்டுக்குப் போயிட்டாங்க. கல்கண்டு எனக்குத்தானேம்மா?"

"உனக்குத்தான்டி. ஒரு டின் பொடியாவது அள்ளி மூடி வெச்சியா?"

வைத்திருக்கிறாளாம். தினமும் ராத்திரி ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னேன்.