தொண்ணூற்றாறு வீதம்

நெடுங்கேணி,
வியாழன் காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்களுக்கு இருமல் குறைந்ததா? மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்று கோபிக்க வேண்டாம். என் சார்ஜரில்தான் விவசாயிகள் சங்கத்துக் கணினி ஓடியது.

விவசாயிகளின் வயல் எல்லைகளை அளந்த வரைபடம் ஒரேயொரு மென்பொருளில்தான் திறக்கும். நேற்றுப் பின்னேரம் காணி விசாரணையில் அதைக் காட்ட வேண்டும். எங்களிடம் இருப்பதோ உள்ளங்கையளவு கணினி, ஒரு ஜிபி நினைவகம். அதற்கேற்ற மென்பொருள் ஆயத்தமாகக் கிடைக்காததால், மூல நிரலை எடுத்து அந்தக் கணினியிலேயே தொகுத்து மென்பொருளாக்கத் தொடங்கினேன். அவசரத்தில் தொகுக்கும் வேலையை நான்கு நான்கு துண்டாக ஒரேயடியாகக் கொடுத்து, நினைவகம் நிரம்பி, முதல் நாள் வீணானது. பிறகு பென்டிரைவில் நினைவகத்துக்கு மேலதிக இடம் ஒதுக்கி, ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். நேற்று மத்தியானம் வேலை தொண்ணூற்றாறு வீதம் முடிந்திருக்கையில் திரை உறைந்துவிட்டது. வயரைப் பிடுங்கப் போனேன்.

"கையை வையாதேங்கோ பிள்ளை. லைட் மினுங்குதெல்லோ, உயிர் கிடக்கு," என்றார் சங்கத் தலைவர் ஐயாத்துரை. அவருடைய வயலும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. இரண்டு மணித்தியாலம் அந்தப் பச்சைப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தோம். விசாரணைக்கு அரை மணி இருக்கும்போது வரைபடம் திறந்தது.

கணினி சூடாகிறது, என் சின்ன விசிறியைப் பஸ்ஸில் போட்டுவிடுங்கள். அம்மா இடித்த மிளகாய்த்தூளும் கொஞ்சம்.

சார்ஜர் கதை பொய், அப்பா. செவ்வாய்க்கிழமை அம்மாவின் ஸ்கேன் முடிவு வரும் என்று எனக்குத் தெரியும். கேட்டிருந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருப்பேன். இன்னும் கேட்கத் தைரியம் வரவில்லை. அம்மாவால் இடிக்க முடியாவிட்டால் கடைத்தூள் அனுப்புங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம், எனக்கு விளங்கும்.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

மகள்,
சுதாஜினி