முப்பதாவது தாள்

பிப்ரவரி 24, திங்கள்

ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுத்தாகிவிட்டது: உப்பளப் பெண்களிடம் மனச்சோர்வு. முப்பது பேரிடம் ஒன்பது கேள்விகள். பி.எஸ்சி. உளவியல் மூன்றாம் வருடம். இது தேறாவிட்டால் டிகிரி இல்லை. ஏன் உப்பளத்தை எடுத்தாய் என்று வகுப்புத் தோழி சந்தியா கேட்டாள். அறிவியல் காரணம் ஒன்றுமில்லை. அம்மா அங்கேதான் வேலை செய்கிறாள், நடந்தே போய்விடலாம்.

மார்ச் 1, சனி

காலை டீ நேரத்தில் போனேன். உப்பளத்தில் கூலி பேசுவது, லீவு சொல்வது எல்லாம் பொன்னி அக்காதான். முதல் கேள்வியைப் படித்தேன்: இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தீர்களா? எல்லோருக்குமாக அவரே பதில் சொன்னார். "எப்பயாவது ஒரு நாளுன்னு போட்டுக்கம்மா." மற்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மாவும் சும்மாட்டைச் சுற்றிக்கொண்டே, எனக்கும் அதேதான் என்றாள். ஒன்பது கேள்விக்கும் பொன்னி அக்கா சொன்னதே எல்லோருக்கும் பதில். முப்பது தாளும் இருபது நிமிடத்தில் முடிந்தன. என் திறமை எனக்கே பிடித்திருந்தது.

மார்ச் 6, வியாழன்

ப்ராஜெக்ட் கைடு அம்சவல்லி மேடம் தாள்களைப் புரட்டினார். முப்பதிலும் ஒரே மொத்தம், இருபத்தேழுக்கு நான்கு. நீயே உட்கார்ந்து எழுதினாயா என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன்.

"முப்பது பேருக்கும் ஒரே மனசாம்மா? போய்த் தனித்தனியா கேளு."

24ஆம் தேதிக்குள் கொடுக்காவிட்டால் கையெழுத்து இல்லை.

மார்ச் 7

கோபம். மேடம் மேல் இல்லை என்று எழுதிவைக்கிறேன். பொய்.

மார்ச் 15, சனி

வீடு வீடாகப் போய் இருபத்தொன்பது முடித்தேன். கூட்டத்தில் சொன்னதற்கும் வீட்டுக்குள் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. ஒருவருக்கு 2, ஒருவருக்கு 11. தூக்கம் சரியாக வருகிறதா என்றதற்கு ஒருவர், விடிகாலை நாலு மணிக்கு வேலைக்கு ஓடுகிறவளிடம் இதைக் கேட்கலாமா என்றார். நியாயம்தான்.

பாக்கி அம்மா மட்டும். பழைய நாலையே போட்டுவிடலாமா? ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாததா?

மார்ச் 16, ஞாயிறு

கேட்டுவிட்டேன். கோயிலில் பூசை முடிந்து வந்து அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மற்றவர்களிடம் படித்த மாதிரியே, 'நீங்கள்' போட்டுப் படித்தேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எதிலும் ஆர்வமில்லையா? தினமும். உங்கள் மேலேயே வெறுப்பு? தினமும். நான் டிக் போட்டுக்கொண்டே போனேன். ஒன்பதாவது: செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா?

"தோணும். நீ படிச்சி முடிக்கட்டும்னுதான் இருக்கேன்."

கீரையைப் பார்த்தபடியே சொன்னாள். மொத்தம் 21.

கடைசிப் பரீட்சை ஏப்ரல் 29.

நான் என்னத்த படிச்சேன்? மூணு வருஷமா பக்கத்துலதான படுத்திருக்கேன் —

மார்ச் 17, திங்கள்

நேற்றே மேடத்துக்குப் போன் செய்தேன். தனியாக விடாதே, காலையிலேயே கூட்டிப் போ என்றார். அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருக்கிறார். சொன்னதும் பஸ் ஏறிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு. தனக்கு ஒன்றுமில்லை, மகள் பரீட்சைக்காக வந்தேன் என்று அம்மா டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். நாற்பது நிமிடம். வெளியே வந்தபோது அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், வாராவாரம் வர வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

மார்ச் 24

ப்ராஜெக்ட்டைக் கொடுத்தேன். மாதிரி எண்ணிக்கை 29. மேடம் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 8

அம்மா மாத்திரை போட்டதும் வாயைத் திறந்து காட்டுகிறாள். நான் கேட்கவில்லை. கேட்க நினைத்தது முகத்தில் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

பரீட்சை முடிந்தது. எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் பஸ்ஸைப் பிடித்து, நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஓடினேன். குழம்பில் புளி போதவில்லை என்று சொன்ன அப்பாவை அம்மா திட்டிக்கொண்டிருந்தாள். வாசலிலேயே நின்று முழுவதும் கேட்டேன்.

ஜூன் 9, திங்கள்

எம்.எஸ்சி. விண்ணப்பத்தை நிரப்பினேன். எத்தனை வருஷம் என்று அம்மா கேட்டாள். ரெண்டு என்றேன். அதற்கப்புறம் என்றாள். வேலை தேடணும், அது எத்தனை வருஷம் ஆகுமோ தெரியாது என்றேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கல்லூரிகளின் பட்டியலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வெளியூரு காலேஜையும் போடு. மாசம் ஒரு தடவ நான் வந்து பாத்துட்டுப் போறேன்."

போட்டேன்.